நெஞ்சு சிடி ஸ்கேனில் இதயத்தை மட்டும் தானாகப் பிரித்தெடுப்பது எப்படி?

கேள்வி இதுதான்: "நெஞ்சுப்பகுதி சிடி ஸ்கேன் இருக்கிறது, ஏறக்குறைய 300 ஸ்லைஸ் (குறுக்குவெட்டுப் படங்கள்). அதிலிருந்து இதயத்தை மட்டும் கணினி தானாகப் பிரித்துத் தர வேண்டும். 0 முதல் 100 வரை மதிப்புள்ள புள்ளிகளை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றில் பெரிய துண்டை எடுத்துப் பார்த்தேன். இதயத்தோடு கல்லீரல், மார்புத் தசை, முதுகுத் தசை எல்லாம் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டன. கடைசி ஆண்டு புராஜெக்ட். ஜிபியூ (கிராஃபிக்ஸ் கார்டு) கிடையாது. என்ன செய்யலாம்?"

முதலில் ஓர் ஆறுதல். உங்கள் நிரலில் தப்பு இல்லை. அந்த வழியில் போனால் யாருக்கும் அப்படித்தான் வரும். ஏன் என்பது புரிந்துவிட்டால் மீதி வேலை பாதி குறைந்துவிடும், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சிடி படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் இருப்பது ஹவுன்ஸ்ஃபீல்டு அளவு. தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000 என்று வைத்துக்கொண்ட அளவுகோல் அது. (சிடி இயந்திரத்தை உருவாக்கிய காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயர், 1979இல் ஆலன் கார்மாக்கோடு சேர்ந்து நோபல் பரிசு வாங்கியவர்.) இந்த அளவுகோலில் கொழுப்பு மைனஸ் 100ஐ ஒட்டி விழும். நுரையீரல் மைனஸ் 500க்கும் கீழே இருக்கும். எலும்பு சில நூறுகளில் நிற்கும். இவற்றையெல்லாம் ஒரு எண்ணைக் கொண்டே பிரித்துவிடலாம். சிக்கல் நடுவில் இருக்கிறது. கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றாத ஸ்கேனில் ரத்தம், இதயத் தசை, கல்லீரல், முதுகுத் தசை எல்லாமே ஏறத்தாழ 30இலிருந்து 60க்குள் அடங்கிவிடும். அதன்மேல் ஸ்கேனின் இரைச்சலே பத்து, இருபது அளவுக்கு ஆடும். எண்ணை மட்டும் பார்த்தால் இதயமும் கல்லீரலும் ஒரே பொருள்தான்.

போதாக்குறைக்கு அவை பக்கத்துப் பக்கத்து வீடுகள். இதயம் உதரவிதானத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறது, அதற்கு நேர் கீழே கல்லீரல். இடையில் இருப்பது மெல்லிய உதரவிதானமும், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள இதய உறையும்தான். இதயத்தைச் சுற்றிக் கொஞ்சம் கொழுப்பு இருந்தால் அது கறுப்புக் கோடாகத் தெரிந்து நமக்கு உதவும். மெலிந்த உடம்பில் அந்தக் கோடும் கிடைக்காது. இதோடு இதயம் துடித்துக்கொண்டே வேறு இருக்கிறது. சிடி இயந்திரம் ஒரு சுற்று சுற்ற ஏறக்குறைய கால் நொடியிலிருந்து அரை நொடி ஆகும். ஈசிஜியோடு இணைத்து, துடிப்பின் ஒரு குறிப்பிட்ட கட்டத்தில் மட்டும் எடுக்காத சாதாரண நெஞ்சு ஸ்கேனில் அந்த நேரத்துக்குள் இதயம் நகர்ந்துவிடுவதால் ஓரம் மங்கலாகவோ இரட்டையாகவோ விழும்.

சரி, கான்ட்ராஸ்ட் ஏற்றிய ஸ்கேன் என்றால்? ரத்தம் 300, 400 என்று பளிச்சென்று எழும், தசை 100ஐ ஒட்டி நிற்கும். உள்ளறைகளைப் பார்க்க இது அருமையான படம். ஆனால் இடது வெண்ட்ரிக்கிளில் ஒரு புள்ளியை வைத்து "இதே மாதிரி உள்ளதையெல்லாம் சேர்த்துக்கொண்டே போ" என்று விட்டால், அது வால்வு வழியாகப் பெருந்தமனிக்குள் புகுந்து கழுத்துவரை ஏறிவிடும். வலப்பக்கத்தில் விட்டால் பெருஞ்சிரைக்குள் இறங்கும். ரத்தத்துக்கு இதயம் எங்கே முடிகிறது, குழாய் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. அது ஒரே ஓட்டம்.

இங்கேதான் நான் உங்களிடம் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி வருகிறது: நீங்கள் 'இதயம்' என்று எதைச் சொல்கிறீர்கள்? இதை முடிவு செய்யாமல் நிரல் எழுதத் தொடங்கியவர்கள்தான் நிறையப் பேர், நானும் ஒரு காலத்தில் அப்படித்தான். பெருந்தமனியின் தொடக்கம் சேர்த்தியா? இதய உறைக்குள் இருக்கும் கொழுப்பு சேர்த்தியா? இடது ஆரிக்கிளுக்குள் வந்து சேரும் நுரையீரல் சிரைகளை எந்த இடத்தில் வெட்டுவது? இந்தக் கேள்விகளுக்குப் படத்தில் பதில் இருக்காது. எதற்காகப் பிரிக்கிறோம் என்பதைப் பொறுத்துதான் பதில் வரும்.

கதிர்வீச்சுச் சிகிச்சையை எடுத்துக்கொள்ளுங்கள். இடது மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர் பாய்ச்சும்போது இதயத்தின்மேல் எவ்வளவு படுகிறது என்று கணக்கிட்டாக வேண்டும். 2013இல் சுவீடன், டென்மார்க் பெண்கள் 2,168 பேரின் பதிவுகளை வைத்து வெளிவந்த ஆய்வு, இதயத்துக்குச் சராசரியாக ஒவ்வொரு கிரே (கதிரை அளக்கும் அலகு) கூடும்போதும் பெரிய இதயக் கோளாறுகளின் வீதம் 7.4 விழுக்காடு ஏறுவதாகக் காட்டியது. 'சராசரி' என்று வந்துவிட்டாலே எதன் சராசரி என்ற கேள்வி வரும். எல்லைக்கோட்டை ஒருவர் இரண்டு சென்டிமீட்டர் மேலே தொடங்கினால் சராசரியும் மாறிவிடும். அதனால்தான் கதிர்வீச்சுத் துறையினர் உறையோடு சேர்த்து முழு இதயத்தையும் வரைவது, மேல் எல்லையை நுரையீரல் தமனி நடுக்கோட்டைக் கடக்கும் மட்டத்தை வைத்துப் பிடிப்பது என்று விதி எழுதி வைத்திருக்கிறார்கள்.

இதய ரத்தக் குழாய்ச் சுண்ணாம்பை அளப்பவருக்கோ தேவையே வேறு. 1990இல் வந்த அகட்ஸ்டன் முறையில் 130க்கு மேல் மதிப்புள்ள புள்ளிகளை எண்ணுகிறார்கள். அவருக்கு இதயத்தின் ஓரம் ஓரிரு மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் பெரிய கேடில்லை. விலா எலும்பும் முதுகெலும்பும் கணக்கில் வராமல் ஒரு வேலி இருந்தால் போதும். உங்கள் புராஜெக்ட் இந்த இரண்டில் எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்று முதலில் வழிகாட்டியிடம் பேசி, ஒரு பக்கத்துக்கு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி செய்முறை. இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, மெஷின் லேர்னிங் இல்லாமல் செய்வது. உங்கள் முயற்சியைத் தலைகீழாகத் திருப்புங்கள். இதயத்தைத் தேடாதீர்கள், நுரையீரலைத் தேடுங்கள். அது சிடியில் மிக எளிதாகக் கிடைக்கும் உறுப்பு: உடம்புக்கு உள்ளே மைனஸ் 400க்குக் கீழே இருப்பதை எடுத்தால் இரண்டு நுரையீரலும் மூச்சுக்குழாயும் வந்துவிடும். பிறகு ஒவ்வொரு ஸ்லைஸிலும் இரண்டு நுரையீரலையும் சேர்த்து ஒரு ரப்பர் வளையம் மாட்டியதுபோல் குவி உறை போடுங்கள். அதற்குள் நுரையீரல் அல்லாத பகுதியில் இதயம் இருக்கிறது. மார்புத் தசையும் முதுகுத் தசையும் இந்த ஒரே அடியில் காலி. மிச்சத்தில் 200க்கு மேல் உள்ளதை எலும்பு என்றும், மைனஸ் 30க்குக் கீழே உள்ளதைக் கொழுப்பு என்றும் கழியுங்கள் (கான்ட்ராஸ்ட் ஸ்கேனில் 200 என்ற வரம்பு ரத்தத்தையும் தின்றுவிடும், அங்கே இது ஆகாது). மிஞ்சிய வடிவத்தின் ஓரத்தை ஏழெட்டு மில்லிமீட்டர் அளவுக்கு அரித்துப் பிறகு அதே அளவு ஊதினால் உணவுக்குழாயும் சிறு குழாய்களும் உதிர்ந்துவிடும். முதுகெலும்புக்கு இடப்பக்கம் வட்டமாக இறங்கும் பெருந்தமனி ஒட்டிக்கொண்டிருக்கும். அதை வட்ட வடிவத்தை வைத்துத் தனியாகக் கண்டுபிடித்து நீக்கலாம்.

கடைசியில் பாக்கி நிற்பது கல்லீரல். அதற்கு ஒரு தந்திரம் உண்டு. இரண்டு நுரையீரலின் அடிப்பரப்பும் உதரவிதானத்தின் வடிவத்தைத்தான் காட்டுகின்றன. அந்தப் புள்ளிகளை எடுத்து, ஒரு வழவழப்பான வளைபரப்பைப் பொருத்தி, அதை நடுவில் இதயத்தின் அடிவரை நீட்டுங்கள். அதற்கு மேலே இருப்பது இதயம், கீழே இருப்பது கல்லீரல். துல்லியமாக இருக்காது. ஆனால் எதையும் பயிற்றுவிக்காமல் இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று பார்க்கும்போது எனக்கு இன்றும் இது பிடித்த முறை. மூச்சை முழுசாக இழுக்காமல் எடுத்த ஸ்கேன், நுரையீரலைச் சுற்றி நீர் கோத்த நோயாளி, ஒரு நுரையீரலை நீக்கியவர் என்று வந்தால் படுத்துவிடும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இதற்கும் இன்றைய முறைகளுக்கும் இடையில் ஒரு முப்பது வருட வரலாறு இருக்கிறது. 1988இல் ஓரங்களை நோக்கித் தானாகச் சுருங்கும் 'பாம்புகள்' என்ற வளைகோடுகள் வந்தன. 1995இல் மான்செஸ்டரில் பல உடம்புகளின் வடிவத்தைச் சராசரியாக்கி, அது எந்தெந்தத் திசையில் மாறலாம் என்று கற்றுக்கொள்ளும் வடிவ மாதிரிகள் வந்தன. 2008 வாக்கில் பிலிப்ஸ், சீமென்ஸ் ஆய்வாளர்கள் நான்கு அறைகளும் கொண்ட வலைக்கண்ணி மாதிரியைச் சிடிக்குள் தானாகவே பொருத்திக் காட்டினார்கள். எல்லாவற்றுக்கும் அடிநாதம் ஒன்றுதான்: ஓரம் தெரியாத இடத்தில், இதயம் பொதுவாக எப்படி இருக்கும் என்ற முன்னறிவைக் கொண்டு நிரப்புவது. ரேடியாலஜிஸ்டும் அதைத்தான் செய்கிறார். ஒரு ஸ்லைஸை மட்டும் காட்டி இதயத்துக்கும் கல்லீரலுக்கும் நடுவே கோடு போடச் சொல்லுங்கள், அவர் மேலேயும் கீழேயும் நகர்த்திப் பார்க்காமல் பேனாவை வைக்கமாட்டார்.

இரண்டாவது வழி அந்த முன்னறிவை எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்பது. 2015இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த யூ-நெட் என்ற நரம்பு வலையமைப்பு (நியூரல் நெட்வொர்க்) இந்தத் துறையைப் புரட்டிப் போட்டது. படத்தைப் படிப்படியாகச் சுருக்கி 'இது நெஞ்சின் எந்தப் பகுதி' என்ற பெரிய பார்வையைப் பெறும். பிறகு படிப்படியாக விரித்து அசல் அளவுக்குக் கொண்டுவரும். சுருக்கும்போது தொலைந்த ஓர விவரங்கள் பக்கவாட்டுப் பாதைகள் வழியாக நேரே அந்தப் பக்கம் கடத்தப்படும். கல்லீரலின் நிறமும் இதயத்தின் நிறமும் ஒன்றாக இருந்தாலும் எங்கே இருக்கிறது என்பதை அது சேர்த்தே பார்க்கிறது. மின்னணு நுண்ணோக்கிப் படங்கள் வெறும் 30ஐ வைத்தே அதை முதலில் பயிற்றுவித்துக் காட்டினார்கள் என்பது பலருக்கு அன்று நம்பவே முடியாத செய்தி.

புதிதாக வலையமைப்பு கண்டுபிடிக்கும் ஆசை இருந்தால் தள்ளி வையுங்கள். ஹைடெல்பர்கின் ஜெர்மன் புற்றுநோய் ஆய்வு மையத்திலிருந்து 2021இல் வெளிவந்த என்என் யூ-நெட், பழைய யூ-நெட்டையே வைத்துக்கொண்டு, படத்தின் இடைவெளி, துண்டின் அளவு, மதிப்புகளைச் சீராக்குவது போன்றவற்றை ஒழுங்காகச் செய்தாலே பல போட்டிகளில் புதுப்புது வடிவங்களை முந்தலாம் என்று காட்டியது. முகத்தில் அறைந்த மாதிரியான முடிவு, ஆனால் நல்லதுக்குத்தான்.

உங்களுக்கு அதைப் பயிற்றுவிக்கவும் தேவையில்லை. சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழக மருத்துவமனையினர் 2023இல் வெளியிட்ட டோட்டல் செக்மென்டேட்டர் என்ற கருவி இருக்கிறது. உள்ளே ஓடுவது என்என் யூ-நெட்தான். 1,204 சிடி ஸ்கேன்களில் உறுப்பு, எலும்பு, தசை, ரத்தக் குழாய் என்று 104 உடற்பகுதிகளைக் குறித்துப் பயிற்றுவித்தது. முதல் பதிப்பில் ஆரிக்கிள், வெண்ட்ரிக்கிள், இதயத் தசை என்று தனித்தனியாகத் தரும். அடுத்த பதிப்பின் முதன்மை மாதிரி முழு இதயத்தையும் ஒரே பெயரில் தரும், உங்களுக்கு அதுவே வசதி. அறைகளைத் தனியே தரும் நுணுக்கமான மாதிரி வேண்டுமானால் உரிம விதிகளைப் படித்துவிட்டு எடுங்கள். ஜிபியூ இல்லாவிட்டாலும் ஓடும். ஒன்றரை மில்லிமீட்டருக்குப் பதில் மூன்று மில்லிமீட்டர் நுணுக்கத்தில் வேலை செய்யும் வேக முறை இருக்கிறது, அதைப் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

அப்படியென்றால் புராஜெக்டில் நான் செய்ய என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. இனிமேல் சொல்லப்போவதெல்லாம் நான் அடிபட்டுத் தெரிந்துகொண்டவை.

டைகாம் (மருத்துவமனை ஸ்கேன்களைச் சேமிக்கும் கோப்பு வகை) கோப்பைத் திறந்ததும் வரும் எண் ஹவுன்ஸ்ஃபீல்டு அளவாக இருக்க வேண்டும் என்பதில்லை. தலைப்பில், அதாவது படத்தோடு சேர்ந்து வரும் விவரப் பகுதியில், ஒரு பெருக்கெண்ணும் ஒரு கூட்டெண்ணும் இருக்கும். கூட்டெண் பெரும்பாலும் மைனஸ் 1024. அதைப் போடாமல் 0 முதல் 100 என்று வரம்பு வைத்தால் நீங்கள் தேடுவது வெறும் காற்றை. யாராவது வாட்ஸ்அப்பில் பிஎன்ஜியாக அனுப்பிய ஸ்கேனை வைத்துத் தொடங்கினால் அந்த எண்களே போய்விட்டிருக்கும், திரும்ப வராது.

அடுத்தது திசை. டைகாம் நோயாளியின் இடப்பக்கத்தை நோக்கி எண்ணும், நிஃப்டி (பங்குச்சந்தை நிஃப்டி இல்லை, மூளைப் படங்களுக்காக வந்த கோப்பு வகை) வலப்பக்கத்தை நோக்கி எண்ணும். ஒரு தடவை நான் கோப்பு மாற்றும்போது தலைப்பை விட்டுவிட்டு வெறும் எண்களை மட்டும் எடுத்துப் போட்டேன். இதயம் வலப்பக்கம் போய்விட்டது, மாடல் பாதியைத்தான் பிடித்தது. இரண்டு நாள் மாடலைத் திட்டிக்கொண்டிருந்தேன். நிஜமாகவே உறுப்புகள் இடம்வலம் மாறிப் பிறப்பவர்கள் சுமார் பத்தாயிரத்தில் ஒருவர். உங்கள் 20 ஸ்கேனில் இரண்டில் அப்படித் தெரிந்தால் மருத்துவ அதிசயம் என்று நினைக்காமல் நிரலைப் பாருங்கள். பயிற்சியின்போது படங்களை இடம்வலமாகப் புரட்டி எண்ணிக்கையைப் பெருக்கும் வழக்கமும் இங்கே யோசித்துச் செய்ய வேண்டியது. பூனைப் படத்துக்கு அது சரி, இதயத்துக்கு அப்படி எளிதில் சொல்லிவிட முடியாது.

மூன்றாவது, மாணவர்களின் அறிக்கைகளில் நான் மிக அதிகமாகப் பார்ப்பது. 20 நோயாளிகளின் 6,000 ஸ்லைஸ்களையும் கலைத்துப்போட்டு, 80 விழுக்காடு பயிற்சிக்கு, 20 விழுக்காடு சோதனைக்கு என்று பிரிப்பது. 150ஆவது ஸ்லைஸ் பயிற்சியில், 151ஆவது ஸ்லைஸ் சோதனையில். அவை இரண்டும் கிட்டத்தட்ட ஒரே படம். மதிப்பெண் 0.98 வரும், எல்லோரும் கைதட்டுவார்கள், புது நோயாளி ஒருவர் வந்ததும் சாயம் வெளுக்கும். பிரிப்பது எப்போதும் நோயாளியை வைத்து.

மதிப்பெண் என்றதும் டைஸ் பற்றிச் சொல்ல வேண்டும். கணினி வரைந்ததும் மனிதர் வரைந்ததும் பொதுவாகப் படும் பகுதியை இரட்டிப்பாக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுப்பது. லீ டைஸ் என்ற உயிர்ச்சூழலியலாளர் 1945இல் இரண்டு உயிரினங்கள் எவ்வளவு சேர்ந்து காணப்படுகின்றன என்று அளக்கக் கொடுத்த சூத்திரம். இதயத்துக்கும் அதற்கும் அன்று ஒரு தொடர்பும் இல்லை.

அதன் குணத்தை ஒரு கணக்கில் பாருங்கள். இதயத்தை 5 சென்டிமீட்டர் ஆரமுள்ள பந்து என்று வைத்துக்கொள்வோம். கணினி சுற்றிலும் 2 மில்லிமீட்டர் அதிகமாக வரைந்துவிட்டது. டைஸ் 0.94 வரும், அறிக்கையில் போட்டால் அழகாக இருக்கும். ஆனால் கன அளவில் 524 மில்லிலிட்டர் 589 ஆகிவிட்டது, 65 மில்லிலிட்டர் கூடுதல். அதே 2 மில்லிமீட்டர் பிழையை 1 சென்டிமீட்டர் ஆரமுள்ள சின்ன உருண்டையில் செய்தால் டைஸ் 0.73க்கு விழும். பிழை ஒன்றுதான், பொருள் பெரிதாக இருந்ததால் மறைந்துகொண்டது. பிழை முழுவதும் கல்லீரல் பக்கம் ஒரே இடத்தில் குவிந்திருந்தாலும் டைஸ் அதைக் காட்டாது. ஆகவே இரண்டு எல்லைகளும் அதிகபட்சம் எவ்வளவு விலகுகின்றன என்று சொல்லும் ஹவுஸ்டார்ஃப் தொலைவையும், கன அளவு வித்தியாசத்தையும் சேர்த்தே கொடுங்கள்.

எம்ஆர்ஐ பக்கம் போக நேர்ந்தால் இந்த விஷயம் இன்னும் கடுமையாகும். அங்கே வழக்கமான வேலை, துடிக்கும் இதயத்தைப் படமாக்கி, இடது வெண்ட்ரிக்கிள் விரிந்திருக்கும்போது எவ்வளவு, சுருங்கும்போது எவ்வளவு என்று அளப்பது. விரிந்தபோது 150 மில்லிலிட்டர், சுருங்கியபோது 60 என்றால் 60 விழுக்காடு ரத்தத்தை வெளியேற்றுகிறது, நல்ல இதயம். ஸ்லைஸ்களுக்கு நடுவே 8, 10 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். சுருங்கிய நிலையில் வால்வுக்குப் பக்கத்தில் 4 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரே ஒரு ஸ்லைஸை 'இது வெண்ட்ரிக்கிளா, ஆரிக்கிளா' என்று குழம்பித் தப்பாகச் சேர்த்துவிட்டால், 10 மில்லிமீட்டர் இடைவெளிக்கு 12 மில்லிலிட்டருக்கு மேல் கூடும். 60 விழுக்காடு 52 ஆகிவிடும். மருத்துவர் அடுத்த கேள்வி கேட்கத் தொடங்கும் எண் அது. 2017இல் பிரான்சின் டிஜோன் மருத்துவமனையின் 150 நோயாளிகளை வைத்து நடந்த ஏசிடிசி போட்டியிலும், நடுப்பகுதியில் மனிதருக்கு நிகராக வரைந்த நிரல்கள் தடுமாறியது மேல்நுனியிலும் கீழ்நுனியிலும்தான். அந்தத் தரவைக் கல்விக்காகத் தரவிறக்கிக்கொள்ளலாம், சிடிக்கு அடுத்த படியாக நல்ல பயிற்சி.

இன்னொன்று. வேறு ஊரில் பயிற்றுவித்த மாடலை அப்படியே நம்ப வேண்டாம். 2020இல் நடந்த எம் அண்ட் எம்ஸ் போட்டியே இதற்காகத்தான் வைக்கப்பட்டது: ஒரு நிறுவனத்தின் எம்ஆர்ஐ இயந்திரத்தில் கற்றது மற்றொரு நிறுவனத்தின் படத்தில் தடுமாறுகிறதா என்று பார்க்க. 2021இல் யூகே பயோபேங்க் என்ற பிரிட்டனின் பெரிய மருத்துவத் தரவுத் தொகுப்பை வைத்துச் செய்த ஆய்வில், பெரும்பான்மையாக வெள்ளையர் படங்களில் கற்ற மாடல் மற்ற இனத்தவரின் இதயத்தைக் குறைந்த துல்லியத்தோடு வரைந்தது தெரியவந்தது. உங்கள் ஸ்கேன் 5 மில்லிமீட்டர் தடிமனில் சேமித்ததா, 1 மில்லிமீட்டரிலா என்பதுகூட விடையை மாற்றும். எந்த மருத்துவமனையிலிருந்து வாங்கினாலும் டைகாம் தலைப்பில் நோயாளியின் பெயர், பிறந்த தேதி எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும், முதல் வேலையாக அவற்றை நீக்குங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன். 20 ஸ்கேன்களில் டோட்டல் செக்மென்டேட்டரை ஓட்டுவேன். அதே 20இலும் நுரையீரல் வழியாகப் போகும் அந்தப் பழைய முறையையும் நானே எழுதி ஓட்டுவேன். அப்புறம் த்ரீடி ஸ்லைசர் என்ற இலவச மென்பொருளில் கருவி வரைந்த எல்லையை ஏற்றி, ஒரு ரேடியாலஜிஸ்டைப் பக்கத்தில் உட்காரவைத்து 10 ஸ்கேன்களில் கையால் திருத்துவேன். டோட்டல் செக்மென்டேட்டரைச் செய்தவர்களும் இப்படித்தான் போனார்கள்: மாடல் வரையும், மனிதர் திருத்துவார், திருத்தியதை வைத்து மறுபடி பயிற்சி. ஒரு எச்சரிக்கை, கருவி போட்ட கோட்டைப் பார்த்துக்கொண்டே திருத்தும்போது கை அதை ஒட்டியே போகும். அதனால் இரண்டு ஸ்கேனையாவது வெற்றுப் படத்திலிருந்து வரையச் சொல்லுங்கள். ஒரே ஸ்கேனை ஒரு வாரம் கழித்து அதே ஆளை மறுபடி வரையச் சொல்லுங்கள். அவருக்கும் அவருக்குமே எவ்வளவு வித்தியாசம் வருகிறது என்று தெரிந்தால், உங்கள் நிரல் அதைவிடச் சிறப்பாக இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

திருத்தும்போது நடு ஸ்லைஸ்களில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள், அங்கே எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும். நேராகக் கீழிருந்து பத்து ஸ்லைஸ், மேலிருந்து பத்து ஸ்லைஸ். கல்லீரலைக் கடித்திருக்கிறதா, பெருந்தமனியில் ஏறியிருக்கிறதா என்று அங்கேதான் தெரியும். குறுக்குவெட்டுப் படத்தில் பார்த்தால் கல்லீரல் எல்லை ஏமாற்றும். முன்பக்கத்திலிருந்து பார்க்கும் வெட்டுக்கு மாற்றிக்கொண்டு பாருங்கள்.